தமிழ் பில்லுக்கு பி.டி.எஃப் லைப்ரரி: ஸ்டேபிளிலேயே இருப்பதா, பீட்டாவுக்குப் போவதா?

கோயம்பேடு_கோடர் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். அம்பத்தூரில் சின்ன கம்பெனி, மொத்த வியாபாரிகளுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் செய்கிறோம். கோயம்பேடு காய்கறிக் கடைகள், பாரிமுனைப் பக்கம் பாத்திரக் கடைகள், சௌகார்பேட்டையில் சில பேர். எல்லாம் பைத்தானில் எழுதியது. பில்லை பி.டி.எஃப் ஆக்க ஒரு லைப்ரரி வைத்திருக்கிறோம். பெயர் வேண்டாம். அதை எழுதுகிறவர் தனி ஆள், நல்ல மனிதர், இங்கே அவரைத் திட்டு வாங்க வைக்க விருப்பமில்லை.

இதுவரை பில் ஆங்கிலத்தில் மட்டும்தான். இப்போது கடைக்காரர்கள் சரக்கின் பெயரைத் தமிழில் கேட்கிறார்கள். லோடு இறக்குகிறவர் படித்துச் சரிபார்க்க வேண்டுமாம், நியாயம்தான். சிக்கல் என்னவென்றால், லைப்ரரியின் ஸ்டேபிள் (சோதித்து முடித்து வெளியிட்ட) வெர்ஷனான 2.8 தமிழை உடைக்கிறது. எழுத்துகளை வந்த வரிசையிலேயே வரைந்துவிடுகிறது. 'வெண்டைக்காய்' கொடுத்தால் வகரம் முதலில், கொம்பு அதற்குப் பின்னால். 'கொத்தமல்லி' இன்னும் மோசம்.

3.0 பீட்டா 2-இல் (ஸ்டேபிளுக்கு முந்தைய சோதனை வெளியீடு) ஹார்ஃப்பஸ் என்ற, எழுத்துகளை மொழிக்கேற்ற வடிவில் கோக்கும் ஷேப்பிங் எஞ்சினைச் சேர்த்திருக்கிறார். அதில் தமிழ் ஒழுங்காக வருகிறது, என் கண்ணுக்குத் தெரிந்தவரை. 3.0 ஸ்டேபிள் எப்போது என்று கேட்டால் "தயாரானதும்" என்கிறார். முதலாளிக்குத் தீபாவளிக்கு முன்னால் வேண்டும். டீம் லீடோ பீட்டா என்ற பெயரைக் கேட்டாலே எழுந்து போய்விடுகிறார். என் இடத்தில் நீங்கள் இருந்தால் எப்படி முடிவெடுப்பீர்கள்?

பாதுகாப்பு_முக்கியம்

பீட்டா ப்ரொடக்‌ஷனுக்குப் போகாது. பில் என்பது பணம். இதில் விவாதிக்க என்ன இருக்கிறது?

கமிட்_குமரி

உடைந்த தமிழோடு பில் போகலாமா? அதுவும் ஸ்டேபிள்தானே.

நங்கநல்லூர்வாசி

தம்பி, முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்ளுங்கள். பீட்டா என்ற சொல்லுக்கு எல்லா இடத்திலும் ஒரே பொருள் கிடையாது. எழுதுகிறவர் அந்தப் பெயரோடு என்ன வாக்குக் கொடுக்கிறார் என்று பார்க்க வேண்டும்.

பைத்தான் மொழியையே எடுத்துக் கொள்ளுங்கள். அங்கே முதல் பீட்டா வந்தால் புதிய வசதிகளுக்குக் கதவு மூடியாயிற்று என்று அர்த்தம். அடுத்து ஆர்.சி. (ரிலீஸ் கேண்டிடேட், ஃபைனலுக்கு முந்தைய கடைசிக் கட்டம்) வந்தால் பைனரி இணக்கமும் (கம்பைல் செய்தது மறுபடி கட்டாமலே ஓடுவது) உறைந்துவிடும், லைப்ரரி எழுதுகிறவர்கள் அதை வைத்து வீல் (இன்ஸ்டாலுக்குத் தயாரான பேக்கேஜ் ஃபைல்) கட்டி வெளியிடலாம். ஆண்ட்ராய்டு ஜெட்பேக் லைப்ரரிகளிலும் இதே மாதிரி எழுதிவைத்த விதி உண்டு. பீட்டாவுக்கும் முந்தைய ஆல்ஃபாவில் எந்த ஃபங்ஷனும் மாறலாம், காணாமலும் போகலாம். பீட்டாவில் அப்படிச் செய்ய மாட்டோம் என்கிறார்கள். ஆர்.சி.யில் பக் ஃபிக்ஸ் மட்டும்.

இப்படி எழுதிவைத்திருக்கும் ப்ராஜெக்டில் பீட்டா என்பதற்கு மதிப்பு உண்டு. தனி ஆள் நடத்தும் லைப்ரரியில் பல நேரம் அது "எனக்கு ஓடுகிறது, நீங்களும் பாருங்கள்" என்பதுதான். ஆகவே அவருடைய சேஞ்ச்லாக்கை (ஒவ்வொரு வெர்ஷனிலும் என்ன மாறியது என்ற பட்டியல்) படியுங்கள். பீட்டா 1-க்கும் 2-க்கும் இடையில் ஃபங்ஷன் பெயர் ஏதாவது மாறியதா? மாறியிருந்தால் 3-லும் மாறும். திறந்திருக்கும் இஷ்யூக்களில் (இன்னும் தீராத, பதிவான குறைகள்) 3.0 என்று குறித்தவை என்னென்ன என்றும் பாருங்கள். அவர் "தயாரானதும்" என்று சொன்னதைவிட அந்தப் பட்டியல் உங்களுக்கு நிறைய சொல்லும்.

ஆர்.சி. வந்துவிட்டாலே முடிந்தது என்றும் இல்லை. பைத்தான் 3.13, 2024 அக்டோபர் 1-ஆம் தேதி வர வேண்டியது. கடைசி நேரத்தில் புதிய கார்பேஜ் கலெக்டர் (பயன்படாத மெமரியை விடுவிக்கும் பகுதி) சில வேலைகளை மெதுவாக்குகிறது என்று தெரிந்து அதைக் கழற்றினார்கள். அன்றைக்கு வந்தது மூன்றாவது ஆர்.சி. ஃபைனல் 7-ஆம் தேதி வந்தது. ஆர்.சி.யை எடுத்து நிஜமான கோடில் ஓட்டிப் பார்த்தவர்கள் இருந்ததால் அது அப்போதே பிடிபட்டது.

இன்னொன்று. எண்ணைப் பார்த்து மட்டும் ஸ்டேபிள் என்று நம்பாதீர்கள். செமன்டிக் வெர்ஷனிங் என்ற, வெர்ஷன் எண் போடும் விதிப்படி 0-வில் தொடங்கும் எந்த வெர்ஷனிலும் எதுவும் எப்போதும் மாறலாம். அப்படியிருந்தும் வெப் சர்வீஸ் எழுதும் ஃபாஸ்ட்ஏ.பி.ஐ. ஆண்டுக்கணக்கில் 0.-இலேயே இருந்துகொண்டு எத்தனையோ கம்பெனிகளின் ப்ரொடக்‌ஷனில் ஓடுகிறது. உங்கள் டீம் லீட் அதை வைத்திருக்கிறாரா என்று கேட்டுப் பாருங்கள்.

பாதுகாப்பு_முக்கியம்

சார், விதிவிலக்கை வைத்து விதியை உடைக்கிறீர்கள். ஃபாஸ்ட்ஏ.பி.ஐ.க்குப் பின்னால் ஆயிரக்கணக்கான கண்கள் உண்டு. இவர் சொல்லும் லைப்ரரிக்கு ஒரு ஆள்.

நங்கநல்லூர்வாசி

அந்த ஒரே ஆள்தான் 2.8-ஐயும் எழுதினார்.

தரமணி_டெஸ்டர்

"என் கண்ணுக்குத் தெரிந்தவரை சரி" என்று எழுதியிருக்கிறீர்கள். ஸ்டேபிளா பீட்டாவா என்பதைவிட அந்த வரிதான் எனக்குக் கவலை தருகிறது.

போன வருட பில்களின் டேட்டாவை எடுங்கள். ஆங்கிலப் பில்கள்தான், பரவாயில்லை. அதே டேட்டாவை 2.8-இலும் 3.0 பீட்டா 2-இலும் ஓட்டி, வரும் பி.டி.எஃப் பக்கங்களைப் படமாக்கி, படத்தோடு படம் ஒப்பிடுங்கள். தமிழைச் சரிசெய்யப் போனவர் ஆங்கிலத்தில் எதைத் தொட்டார் என்று அதில் தெரியும். ஷேப்பிங் எஞ்சின் உள்ளே வந்தால் எழுத்துகளின் அகலக் கணக்கு மாறும். அகலம் மாறினால் வலது ஓரம் ஒட்டி நிற்கும் தொகைகள் நகரும். ஒரு இலக்கம் அடுத்த வரிக்குத் தாண்டினாலும் கடைக்காரர் உங்களைத்தான் கூப்பிடுவார். ₹ குறி நீங்கள் வைத்திருக்கும் தமிழ் ஃபான்டில் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். இல்லாவிட்டால் வெறும் கட்டம் வரும்.

அப்புறம், பி.டி.எஃப்-ஐத் திறந்து தமிழ்ச் சொல்லைக் காப்பி செய்து வேறு இடத்தில் ஒட்டிப் பாருங்கள். பார்க்க அழகாக இருக்கும் தமிழ் உள்ளே குப்பையாக இருக்கலாம். திரையில் தெரியும் வடிவம் ஒரு அட்டவணை, எந்த வடிவம் எந்த எழுத்து என்பது இன்னொரு அட்டவணை. ஷேப்பிங் சேர்க்கும்போது முதலாவதைச் சரிசெய்துவிட்டு இரண்டாவதை மறந்துவிடுவது வழக்கம். ஆறு மாதம் கழித்து ஆடிட்டர் பி.டி.எஃப்-இல் 'கொத்தமல்லி' என்று தேடும்போதுதான் அது தெரியவரும்.

கோயம்பேடு_கோடர்

மேடம், நீங்கள் சொன்னபடி ஓட்டிப் பார்த்தேன். ஆங்கிலப் பில்கள் பெரும்பாலும் அப்படியே இருக்கின்றன. நீளமான சரக்குப் பெயர் இரண்டு வரியாக உடையும் இடத்தில் மட்டும் வேறுபாடு. தொகை வரும் நெடுவரிசை நகரவில்லை. ₹ வருகிறது.

காப்பி செய்து ஒட்டியதில் மாட்டிக்கொண்டது. 'வெண்டைக்காய்' என்பதை ஒட்டினால் கொம்பு முன்னால், வகரம் பின்னால். பார்க்கும் வரிசையிலேயே எடுத்து வைத்திருக்கிறது. தேடினால் கிடைப்பதில்லை.

தரமணி_டெஸ்டர்

அப்படியென்றால் உங்கள் முடிவு "பீட்டா சரியா தவறா" என்பதில் இல்லை. தேட முடியாத தமிழ் உங்கள் கடைக்காரருக்குப் போதுமா என்பதுதான். லோடு இறக்குகிறவர் காகிதத்தில் படிக்கிறார், அவருக்குப் போதும். ஆடிட்டருக்குப் போதாது. இஷ்யூ போட்டுவிடுங்கள், சின்ன மாதிரி ஃபைலோடு. தமிழ் படிக்கத் தெரியாத ஒருவர் இதைத் தானாகக் கண்டுபிடிக்க வழியே இல்லை.

டெவ்ஆப்ஸ்_தம்பி

பீட்டா பக்கம் போவதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. பைத்தான் பேக்கேஜ்களை இறக்கும் பிப் கட்டளையில் 'பிரீ' என்ற ஆப்ஷனைக் கொடுத்து இன்ஸ்டால் செய்யாதீர்கள். அது உங்கள் பி.டி.எஃப் லைப்ரரிக்கு மட்டும் என்று நினைப்போம். அப்படியில்லை. அந்த இன்ஸ்டாலில் வரும் எல்லா பேக்கேஜுக்கும் முன்வெளியீட்டை (ஆல்ஃபா, பீட்டா, ஆர்.சி.) திறந்துவிடும். ஒரு பீட்டா கேட்கப் போய், இமேஜ் லைப்ரரியின் ஆர்.சி., டேட்டாபேஸ் டிரைவரின் ஆல்ஃபா என்று பேர் தெரியாததெல்லாம் உள்ளே வந்து உட்காரும்.

தேவையும் இல்லை. ரிக்வயர்மென்ட்ஸ் ஃபைலில் (தேவையான பேக்கேஜ்களின் பட்டியல்) இரட்டைச் சமக்குறி போட்டு 3.0 பீட்டா 2 என்று அந்த வெர்ஷனையே எழுதினால், வேறு எந்த ஆப்ஷனும் இல்லாமல் பிப் அதை எடுத்துக்கொள்ளும். "இதற்குச் சமம் அல்லது மேல்" என்று எழுதிவிடாதீர்கள். முன்வெளியீட்டின் பெயரை அந்த வரியில் எழுதியதாலேயே அந்த பேக்கேஜின் அடுத்த பீட்டாக்களுக்கும் சம்மதம் கொடுத்ததாகிவிடும். அடுத்த டிப்ளாயில் சொல்லாமல் பீட்டா 3 வந்து நிற்கும்.

என்.பி.எம். (ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ்) காரர்களுக்கு இதே விஷயம் வேறு மாதிரி. கேரட் (^) குறியோடு பீட்டா போட்டால், அதே மூன்று எண்களின் அடுத்த பீட்டாக்கள் வரும், பிறகு ஸ்டேபிளும் வரும். வேறு எண்ணின் பீட்டா வராது. லாக் ஃபைலை (இன்ஸ்டால் ஆன துல்லியமான வெர்ஷன்களின் பதிவு) கிட்டில் சேர்க்காத டீம் இன்னும் இருக்கிறது என்று தெரியும், அவர்களிடம் பேசி எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது.

ஹேஷையும் (ஃபைல் மாறவில்லை என்று காட்டும் கைரேகை மாதிரி) சேர்த்துப் பூட்டுங்கள். வீல் ஃபைலை உங்கள் சர்வரிலேயே ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

வேளச்சேரி_மழை

பிரதி வைத்துக்கொள்ளுங்கள் என்று தம்பி சொன்னதை அடிக்கோடிடுகிறேன்.

முன்பு வேலை பார்த்த இடத்தில் (பெயர் வேண்டாம்) ஒரு மெஷின் லேர்னிங் லைப்ரரியின் நைட்லி பில்டை (தினமும் தானாகக் கட்டப்படும் சோதனை வெளியீடு) வைத்து ஓட்டிக்கொண்டிருந்தார்கள். எங்களுக்குத் தேவையான ஒரு ஃபிக்ஸ் அதில் மட்டும்தான் இருந்தது. ஓடியது, நன்றாகவே ஓடியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. தரைத்தளத்தில் இருந்த பில்ட் சர்வர் தண்ணீருக்குள் போய்விட்டது. கோட் எல்லாம் கிட்டில் பத்திரமாக இருந்தது, டேட்டா கிளவுடில் இருந்தது, யாரும் பதறவில்லை. புது மெஷினில் இன்ஸ்டால் கொடுத்தபோதுதான் அந்தத் தேதியின் நைட்லி மூல இடத்திலேயே இல்லை என்று தெரிந்தது. நைட்லி சாயங்காலக் கடை பஜ்ஜி மாதிரி, மறுநாள் போய் நேற்றைய பஜ்ஜி கேட்டால் கிடைக்காது. இடம் போதாது என்று பல ப்ராஜெக்டுகள் பழைய நைட்லிகளை அழித்துவிடுகின்றன. அன்று இருந்த நைட்லியிலோ நாங்கள் கூப்பிட்ட ஒரு ஃபங்ஷனின் ஆர்க்யுமென்டே மாறியிருந்தது.

கரண்ட் வந்தும் வராத வீட்டில் உட்கார்ந்து, ஒரு சக ஊழியரின் லேப்டாப்பில் பழைய பிப் கேஷ் இருக்கிறதா என்று தேடிக் கடைசியில் கிடைத்தது. அவர் லேப்டாப்பையும் ஃபார்மட் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தெரியாது.

பீட்டாவுக்கு இந்த ஆபத்து குறைவு. பி.வை.பி.ஐ.யில் (பைத்தான் பேக்கேஜ் களஞ்சியம்) ஏற்றிய பீட்டா அங்கேயே இருக்கும். எழுதியவர் 'யாங்க்' செய்தாலும் (இனி எடுக்க வேண்டாம் என்று ஒதுக்கினாலும்), துல்லியமான வெர்ஷன் எண்ணைக் கேட்டால் கொடுக்கும். அவர் ஒரேயடியாக அழித்தால்தான் பிரச்சினை. ஆகவே பீட்டா, ஆர்.சி., நைட்லி மூன்றையும் ஒரே கூடையில் போடாதீர்கள். இந்த இழையில் இரண்டு மூன்று பேர் அப்படித்தான் பேசுகிறீர்கள்.

பாதுகாப்பு_முக்கியம்

நன்றி, நான் சொன்னதை நீங்களே நிரூபித்துவிட்டீர்கள். இன்னொரு உதாரணம் நான் தருகிறேன். 2024 மார்ச் 29. லினக்ஸில் ஃபைலைச் சுருக்கும் எக்ஸ்-இசட் யூட்டில்ஸில் பின்வாசல் வைத்தது அம்பலமானது. யாருக்கெல்லாம் அது போய்ச் சேர்ந்திருந்தது? டெபியன் டெஸ்டிங், சிட், ஃபெடோரா ராஹைட் போன்ற லினக்ஸ் சோதனைப் பதிப்புகளை ஓட்டியவர்களுக்கு. டெபியன் ஸ்டேபிள் ஓட்டியவர்கள் நிம்மதியாகத் தூங்கினார்கள்.

கமிட்_குமரி

அண்ணா, அதே கதையை முழுவதும் சொல்லுங்கள். பின்வாசல் இருந்த 5.6.0, 5.6.1 இரண்டுமே எக்ஸ்-இசட் ப்ராஜெக்ட் தரப்பில் ஸ்டேபிள் ரிலீஸ்கள். ஆல்ஃபா, பீட்டா என்று எதுவும் பெயரில் இல்லை. பெயரைப் பார்த்து எடுத்தவர்கள் மாட்டினார்கள்.

கண்டுபிடித்தது யார்? ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட், போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் டெவலப்பர். டெபியன் சிட் மெஷினில் எஸ்.எஸ்.ஹெச். லாகின் அரை நொடி தாமதமாவதைக் கவனித்து நூல் பிடித்துப் போனார். சிட் ஓட்டுகிற ஒருவர் இல்லாவிட்டால் அது அடுத்த ஸ்டேபிளுக்குள் போயிருக்கும். நீங்கள் நிம்மதியாகத் தூங்கியது இன்னொருவர் விழித்திருந்ததால்.

பாதுகாப்பு_முக்கியம்

விழித்திருக்கட்டும். அவருடைய டெஸ்ட் மெஷினில். கோயம்பேடு பில் கவுன்டரில் எதற்கு?

நங்கநல்லூர்வாசி

இந்த இடத்தில் நீங்கள் சொல்வது சரி. ஆனால் உங்கள் கம்பெனியில் ஏதாவது ஒரு டெஸ்ட் மெஷினில் முன்வெளியீடு ஓடுகிறதா? பெரும்பாலான இடங்களில் "நாங்கள் ஸ்டேபிள் மட்டும்தான்" என்பதற்கு "ஸ்டேபிள் வரும்வரை எதையும் பார்க்க மாட்டோம்" என்றுதான் பொருள்.

பைத்தானின் எண்கணக்கு லைப்ரரியான நம்பை 2.0 ஞாபகம் இருக்கிறதா? 2006-இல் வந்த 1.0-க்குப் பிறகு முதல் பெரிய எண் மாற்றம். 2024 ஜூன் 16 அன்று வந்தது. பைனரி இணக்கம் உடையும் என்று முன்கூட்டியே சொன்னார்கள், பீட்டாவும் ஆர்.சி.யும் மாதக்கணக்கில் கிடந்தன, அதை வைத்து உங்கள் பேக்கேஜைக் கட்டிப் பாருங்கள், அது பழைய 1.-இலும் ஓடும் என்றும் எழுதினார்கள். பார்த்தவர்கள் அன்றைக்கு வேறு வேலை பார்த்தார்கள். ரிக்வயர்மென்ட்ஸில் நம்பைக்கு மேல் வரம்பு போடாமல், ஆர்.சி. பக்கமும் போகாமல் இருந்தவர்களுக்கு, எதையும் மாற்றாமலேயே அடுத்த பில்டில் "நம்பை 1-க்காகக் கட்டிய மாட்யூல் 2-இல் ஓடாது" என்று சிவப்பாக வந்தது. அவர்கள் யாரும் பீட்டாவைத் தொடவில்லை. ஸ்டேபிள்தான் அவர்களைத் தேடி வந்தது.

அதனால் சி.ஐ.யில் (கோடைத் தானாகக் கட்டிச் சோதிக்கும் அமைப்பு) தனியாக ஒரு ஜாப் போட்டு, முன்வெளியீடுகளோடு தினம் ஓட விடுங்கள். அது தோற்றால் ரிலீஸ் நிற்க வேண்டியதில்லை. தோற்றது என்ற செய்தி மட்டும் போதும். 'பிரீ' ஆப்ஷனுக்குச் சரியான இடம் அந்த ஜாப்தான், டெவ்ஆப்ஸ் தம்பி ஒப்புக்கொள்வார் என்று நினைக்கிறேன்.

டெவ்ஆப்ஸ்_தம்பி

முழுதும் ஒப்புக்கொள்கிறேன் சார். அந்த ஜாப்பின் மெயிலை யார் படிப்பார்கள் என்று மட்டும் முதலிலேயே முடிவு செய்துவிட வேண்டும். இல்லையென்றால் எல்லோரும் ஃபில்டர் போட்டு ஒதுக்கிவிடுவார்கள்.

ரியாக்ட்_ரத்தக்கண்ணீர்

ஃப்ரன்ட்எண்ட் உலகத்திலிருந்து ஒரு குரல். ரியாக்டின் மேல் கட்டிய நெக்ஸ்ட் 15, 2024 அக்டோபரில் ஸ்டேபிள் என்று வந்தது. அதன் ஆப் ரௌட்டருக்குள் ஓடியது ரியாக்ட் 19-இன் ஆர்.சி. ரியாக்ட் 19 ஸ்டேபிளானது அந்த டிசம்பரில். இடைப்பட்ட நாட்களில் பியர் டிபென்டன்சி (எந்த வெர்ஷனோடு சேர்ந்து ஓடும் என்ற நிபந்தனை) தகராறு செய்யாத ப்ராஜெக்ட் யாரிடமாவது இருந்தால் காட்டுங்கள். "நாங்கள் ஸ்டேபிள் மட்டும்தான்" என்று மேனேஜர் மீட்டிங்கில் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார், நான் மைக்கை மியூட் செய்துவிட்டுச் சிரித்தேன்.

பட்டாபிராம்_ஆண்ட்ராய்டு

எங்கள் பக்கம் இதற்கு நேர்மாறு. ஜெட்பேக்கின் செக்யூரிட்டி கிரிப்டோ லைப்ரரியில் 1.1 ஆல்ஃபா 2020-இல் வந்தது. 1.0-ஐவிடப் பழைய போன்களிலும் ஓடியதால் எல்லோரும் அதையே எடுத்தார்கள். பல வருடம் ஆல்ஃபாவிலேயே இருந்தது. "சீக்கிரம் ஸ்டேபிள் ஆகிவிடும்" என்று நம்பிப் பாஸ்வேர்டு, டோக்கன் எல்லாம் அதில் வைத்தாயிற்று. 2025-இல் ஒருவழியாக ஆல்ஃபாவைத் தாண்டியது, கூடவே மொத்தத்தையும் டெப்ரிகேட் செய்துவிட்டார்கள், அதாவது இனி பயன்படுத்தாதீர்கள் என்றுவிட்டார்கள்.

ஆகவே முன்வெளியீட்டை எடுக்கும்போது "இது ஸ்டேபிளே ஆகாவிட்டால் என்ன செய்வேன்?" என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். கோயம்பேடு நண்பருக்கு இது முக்கியம். தனி ஆள் ப்ராஜெக்ட். அவருக்கு வேலை மாறினால், குழந்தை பிறந்தால், 3.0 அப்படியே நிற்கும். அன்றைக்கு நீங்கள் பீட்டா 2-இலிருந்து 2.8-க்குத் திரும்ப முடியுமா? கூப்பிடும் விதம் மாறியிருந்தால் திரும்புவதும் ஒரு மைக்ரேஷன்தான்.

விருகம்பாக்கம்_வெப்

எல்லோரும் இந்த இரண்டுக்குள்ளேயே சுற்றுகிறீர்கள். லைப்ரரியையே மாற்றலாமே? பில்லை ஹெச்.டி.எம்.எல். ஆக எழுதி குரோமியம் பிரவுசரைத் திரையில்லாமல் ஓட்டி பி.டி.எஃப் எடுத்தால் தமிழ் சரியாக வரும். அதிலும் ஹார்ஃப்பஸ்தான், ஆனால் உலகமே பல வருடமாகப் பயன்படுத்திப் பார்த்தது. அது கனமாக இருந்தால், ஹெச்.டி.எம்.எல்.-ஐ பி.டி.எஃப் ஆக்கும் வீஸிபிரின்ட் லைப்ரரி. அது எழுத்துகளை அமைக்கும் பாங்கோ வழியாகப் போகிறது, பாங்கோவுக்குள்ளும் ஹார்ஃப்பஸ்தான்.

கோயம்பேடு_கோடர்

யோசித்தோம் ப்ரோ. சர்வர் எங்களிடம் இருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. சாஃப்ட்வேர் கடையில் இருக்கும் மெஷினிலேயே ஓடுகிறது. 4 ஜி.பி. ராம், பழைய விண்டோஸ், பக்கத்தில் வெங்காய மூட்டை. காலை நாலு மணிக்கு லாரி வரும்போது வரிசையாக பில் விழ வேண்டும், நெட் இருந்தாலும் இல்லாவிட்டாலும். குரோமியத்தை வைத்துப் பார்த்ததில் முதல் பில்லுக்கே மெஷின் மூச்சு வாங்கியது. வீஸிபிரின்டுக்கு விண்டோஸில் பாங்கோ டி.எல்.எல்.களைத் தனியாக வைக்க வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு கடையிலும் போய் அதைச் செய்ய எங்களிடம் ஆள் இல்லை.

கணக்கு_மாமி

நான் டெவலப்பர் இல்லை, இம்ப்ளிமென்டேஷன் பக்கம். கடைகளுக்குப் போய் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பது என் வேலை. நீங்கள் பேசுவதில் பாதி புரியவில்லை. புரிந்ததை வைத்துச் சொல்கிறேன்.

கடைக்காரருக்கு எந்த நாளில் உடைகிறது என்பதுதான் கணக்கு. 11-ஆம் தேதி ஜி.எஸ்.டி.ஆர். 1, 20-ஆம் தேதி 3பி என்று ஜி.எஸ்.டி. ரிட்டர்ன்கள். அந்த இரண்டு தேதிக்கும் முன்னால் உள்ள நாட்களில் எந்த அப்டேட்டும் கடைக்குள் போகக் கூடாது என்று எங்களிடம் பழக்கம். தீபாவளிக்கு முன்னால் உள்ள வாரங்கள் அதைவிட மோசம். உங்கள் முதலாளி தீபாவளிக்கு முன்னால் கேட்கிறார் என்றால், வியாபாரம் சூடு பிடிப்பதற்கு முன்னால் போட முடிந்தால் போடுங்கள். முடியாவிட்டால் தீபாவளி கழிந்து போடுங்கள். நடுவில் வேண்டாம். ஸ்டேபிளாகவே இருந்தாலும் நடுவில் வேண்டாம்.

அப்புறம், வரிக்குப் போகும் பில்லையும் லோடு இறக்குகிறவர் கையில் கொடுக்கும் சீட்டையும் எதற்கு ஒன்றாக்குகிறீர்கள்? அவருக்குத் தொகை எதற்கு? சரக்கு, மூட்டை எண்ணிக்கை, எடை. அது ஒரு தனிச் சீட்டுதானே?

தரமணி_டெஸ்டர்

மாமி, நாங்கள் இவ்வளவு நேரம் பேசியதை நீங்கள் ஒரு பத்தியில் முடித்துவிட்டீர்கள்.

டெவ்ஆப்ஸ்_தம்பி

அதை அப்படியே டெக்னிக்கலாக மாற்றினால் இதுதான் வரும். பில் 2.8-இலேயே இருக்கட்டும், ஆங்கிலத்தில், தொடாமல். லோடு சீட்டு மட்டும் 3.0 பீட்டா 2-இல். ஒரே பைத்தான் சூழலில் ஒரு லைப்ரரியின் இரண்டு வெர்ஷன் இருக்க முடியாது. ஆகவே சீட்டுக்குத் தனி வெர்ச்சுவல் என்விரான்மென்ட், தனி ப்ராசஸ். பில்லிங் புரோகிராம் அதற்கு ஒரு ஜேசான் ஃபைலைக் கொடுத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கும். சீட்டு ப்ராசஸ் செத்தாலும் பில் விழும். குறிப்பிட்ட நேரத்துக்குள் சீட்டு வராவிட்டால் ஆங்கிலத்தில் 2.8 வழியாக ஒரு சீட்டு அடித்துக் கொடுத்துவிடலாம். லோடு இறக்குகிறவர் அன்று ஒரு நாள் பழையபடி யாரையாவது கேட்டுக்கொள்வார்.

திரும்பும் வழியும் இதிலேயே இருக்கிறது. பட்டாபிராம் நண்பர் கேட்டதற்குப் பதில்: லைப்ரரியை நேரடியாகக் கூப்பிடுவது அந்தச் சின்ன புரோகிராம் மட்டும்தான். நாளைக்கு 3.0 நின்றுபோனால் அதை மட்டும் வேறு எதிலாவது எழுதிக்கொள்ளலாம்.

பாதுகாப்பு_முக்கியம்

இதற்கு எனக்கு ஆட்சேபணை இல்லை. பில்லைத் தொடாதவரை. ஆனால் இதை "பீட்டாவை ப்ரொடக்‌ஷனில் போட்டோம், ஒன்றும் ஆகவில்லை" என்று யாரும் பிறகு இங்கே வந்து எழுதாதீர்கள். உங்களைக் காப்பாற்றப் போவது அந்தப் பிரிப்பு.

கமிட்_குமரி

ஒரு மெஷினில் இரண்டு என்விரான்மென்ட், இரண்டையும் யாராவது அப்டேட் செய்ய வேண்டும், 4 ஜி.பி. ராமில் இன்னொரு பைத்தான் ப்ராசஸ். இதெல்லாம் இலவசம் இல்லை. பீட்டா 2-ஐ முழுதாக டெஸ்ட் செய்து ஒரேயடியாக மாறுவது மலிவாகவும் முடியலாம். நான் இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன். ஆனால் காலை நாலு மணிக்கு வரும் போனை எடுப்பது நான் இல்லை என்பதால் இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

கோயம்பேடு_கோடர்

எல்லோருக்கும் நன்றி. டீம் லீடிடம் கணக்கு மாமி சொன்ன வடிவத்தில் கொண்டு போனேன், எழுந்து போகவில்லை. லோடு சீட்டு மட்டும் பீட்டாவில், தனி ப்ராசஸில். வெர்ஷனைத் துல்லியமாகப் பூட்டி, ஹேஷ் போட்டு, வீல் ஃபைலை எங்கள் இன்ஸ்டாலருக்குள்ளேயே வைத்தாயிற்று. இரண்டு கடைகளில் முதலில் போடுகிறோம். பில் தமிழுக்கு மாறுவது 3.0 ஸ்டேபிளுக்குப் பிறகு.

காப்பி செய்தால் வரிசை மாறுவதை இஷ்யூவாகப் போட்டேன். எழுதுகிறவர் அன்றைக்கே பதில் போட்டார். தமிழில் வேறு எந்தெந்தச் சொற்களை வைத்துச் சோதிக்கலாம் என்று கேட்கிறார். மேடம், பட்டியல் ஏதாவது கொடுக்க முடியுமா?

தரமணி_டெஸ்டர்

கொடுக்கிறேன். கெ, கே, கை, கொ, கோ, கௌ ஆறும் கட்டாயம். டி, டு, ரு, லு, ஞூ மாதிரி உகர, இகரக் குறி எழுத்தோடு ஒட்டி வடிவம் மாறுபவை. க்ஷ, க்ஷௌ, ஸ்ரீ. 'ஸ்ரீ'யை இரண்டு விதமாகச் சோதிக்கச் சொல்லுங்கள். ஸகரத்தை வைத்து டைப் செய்ததும் உண்டு, 2005-இல் யூனிகோடில் சேர்ந்த ஶகரத்தை வைத்து டைப் செய்ததும் உண்டு, ஃபான்டைப் பொறுத்து ஒன்று சேரும், ஒன்று சேராது. 'கொ'வையும் இரண்டு விதமாக: ஒரே குறியாக வருவது, கொம்பும் காலும் தனித்தனியாக வருவது. இரண்டும் ஒன்றுதான் என்று யூனிகோடு சொல்கிறது, ஷேப்பிங்கில் இரண்டும் ஒரே மாதிரி தெரிய வேண்டும்.

உங்கள் டேட்டாவிலும் ஒன்று பாருங்கள். 'கௌரி ஸ்டோர்ஸ்' மாதிரிப் பெயர்களில் பலர் கெ போட்டு, அடுத்து ளகரத்தைப் போட்டு டைப் செய்திருப்பார்கள். திரையில் ஏறக்குறைய ஒரே மாதிரி தெரியும். அது வேறு எழுத்து, எந்த வெர்ஷனும் அதைச் சேர்த்துவைக்காது.

கோயம்பேடு_கோடர்

தேடிப் பார்த்தேன். கௌரி, கௌதம், சௌந்தர்யா, சௌகார்பேட்டை முகவரி முழுவதும் அப்படித்தான் இருக்கிறது மேடம். ளகரம்தான். இதற்கு ஒரு ஸ்கிரிப்ட் எழுத உட்கார்கிறேன். 'வெள்ளரி', 'தெளிவு' மாதிரி நிஜமான ளகரங்களைத் தொடாமல் எப்படிப் பிரிப்பது என்று யாராவது ஏற்கனவே செய்திருந்தால் சொல்லுங்கள்.